கதவு ஏன் திறக்கவில்லை?

"கதவைத் தட்டுகிறோம்; திறப்பதில்லை. கனிவோடு கேட்கிறோம், வாய் பேசுவதில்லை. ஒத்துழைக்க மறுக்கும் இந்த மக்களை எப்படித்தான் உயர்த்துவது?"

ஆஸ்திரேலிய நாட்டில் ஆதிக்குடி மக்களின் இல்லங்களை நாடிச் செல்லும் சமூகப் பணியாளர் சிலர் இப்படி அங்கலாய்க்கின்றனர். கதவு மூடியிருப்பதைக் கண்டவர்கள், அதே கதவை முன்னர் தட்டிய கை எது என்று எண்ணிப் பார்த்தனரா? நாம் கேட்கிறோம்.

1909-இல் நியூ சவுத் வேல்சில் ஒரு சட்டம் பிறந்தது. ஆதிக்குடிகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர்! 1915-இல் அதற்கொரு திருத்தம். பெற்றோர் தவறு செய்தனர் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வாரியம் நினைத்தால் போதும், பிள்ளையைப் பிரிக்கலாம். பிரித்தனர்! பெண் மக்களைக் கூட்டமுந்திரா இல்லத்தில் வைத்து, வெள்ளையர் வீட்டு வேலைக்குப் பழக்கினர். ஆண் மக்களைக் கின்செலா இல்லத்தில் அடைத்து, பெயருக்குப் பதிலாக எண்ணிட்டு அழைத்தனர். தாயைப் பறித்தனர், தாய்மொழியைப் பறித்தனர், பெயரையும் பறித்தனர். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் என்றால், கொள்ளைக்கு என்ன பெயர்?

1910 முதல் 1970 வரை, பத்துப் பிள்ளைகளில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இவ்விதம் பிரிக்கப்பட்டனர் என்று 1997-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

"பழங்கதை! மன்னிப்பும் கேட்டாயிற்றே!" என்பர் சிலர். பழங்கதையா? அந்நாட்டுப் பிள்ளைகளில் ஆதிக்குடிப் பிள்ளைகள் நூற்றுக்கு ஆறு பேர் அளவே. வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்டு அரசின் பராமரிப்பில் வாழும் பிள்ளைகளிலோ, நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அவர்களே! பாட்டியைப் பறிகொடுத்த குடும்பம் பேத்தியையும் பறிகொடுக்க அஞ்சி நிற்கிறது. அந்த அச்சத்துக்கு 'ஒத்துழையாமை' என்று பெயர் சூட்டுவது அறிவுடைமையா?

தாயின் உடன்பிறந்தாளும் தாயே, தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையே என்பது அம்மக்கள் பலரின் உறவுமுறை. பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சிற்றப்பா என்றழைத்து வளர்ந்த நமக்கு இது புதிரன்று. ஆனால், இரண்டு நாள் பாட்டி வீட்டிலும் மூன்று நாள் சின்னம்மா வீட்டிலும் உறங்கும் பிள்ளையைக் காணும் அதிகாரி, 'கவனிப்பாரற்ற பிள்ளை' என்று எழுதுகிறார்! உறவெல்லாம் தாயாக நிற்கிறது. அவர் படிவத்திலோ தாய்க்கு ஒரே ஒரு கட்டம்! கண்ணைத் தாழ்த்துவது அங்கே பல குடிகளில் மரியாதை. அவர் ஏட்டில் அது கள்ளத்தனம். மௌனம் அங்கே சிந்தனை; அவர் ஏட்டில் அது சம்மதம், அல்லது திமிர்!

உறவு வேண்டுமா? படிவத்தை மூடிவிட்டு அமருங்கள். நீங்கள் யார், எந்த ஊர், எவர் பிள்ளை என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவரை 'ஆன்ட்டி' என்றும் 'அங்கிள்' என்றும் மதித்து அழைக்கும் அவ்வழக்கைப் பழகுங்கள். அவர்கள் கதையை அவர்கள் போக்கில் கேளுங்கள். வருவதாகச் சொன்ன நாளில் வாருங்கள். பிள்ளையைப் பிரிக்க மட்டுமல்ல, பிள்ளையின் பிறந்தநாளுக்கும் வாருங்கள்.

இதுவும் போதாது, தோழர்களே! முகத்தில் புன்னகை, சட்டைப்பையில் பிரிவாணை என்றால், அந்த உறவு வேடமே. முடிவெடுக்கும் உரிமை யாரிடம்? அதுவே கேள்வி. பிள்ளையைப் பிரிக்க நேர்ந்தால், முதலில் சொந்த உறவினரிடம், அடுத்துச் சொந்தச் சமூகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற நெறி, 1983-இல் வட ஆட்சிப்பகுதியில் சட்டமாயிற்று. பிற பகுதிகளிலும் பின்னர் ஏற்கப்பட்டது. ஏட்டிலே சட்டம், நாட்டிலே? உறவினரைத் தேடப் பொறுமையற்ற அதிகாரிக்கு, அந்நியர் வீடே எளிதாகக் கிடைக்கிறது! விக்டோரியாவில் 2017 முதல், ஆதிக்குடிகளே நடத்தும் நிறுவனத்திடம் பிள்ளைகளின் பொறுப்பைச் சட்டப்படி ஒப்படைக்கத் தொடங்கினர். அதுவன்றோ உறவு!

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கும் இதில் பாடமுண்டு. வருகைப் பதிவேட்டைச் சுமந்து ஏழை வீட்டு வாசலில் நின்று, "ஏன் அனுப்பவில்லை?" என்று அதட்டியவர்கள்தாமே நாமும்? கருணை வேறு, சமத்துவம் வேறு. கருணை மேலிருந்து கை நீட்டும். சமத்துவம் அருகே அமரும்.

ஆகவே, பணியாளர்களே! கதவைக் குறை கூறாதீர். உங்கள் கையைக் காட்டுங்கள். பறிக்க வந்த கை அன்று என்பது தெளிவானால், கதவு தானே திறக்கும்!