இரண்டாவது மாதிரி

நேற்று வரை ஓடியாடிய குழந்தைக்குக் காலையில் எழுந்து நிற்கக் கால் துவள்கிறது. பதறி வரும் பெற்றோரிடம் நாங்கள் கேட்பவற்றுள் ஒன்று, குழந்தையின் மலம். அதுவும் இரு முறை. காலுக்கு வைத்தியம் பார்க்க வந்தால் மலத்தைக் கேட்கிறார்களே என்று முகம் சுளிப்போர் உண்டு. அச்சுளிப்பில் நியாயமும் உண்டு. காரணத்தை நாங்கள் பல வேளைகளில் விளக்குவதில்லை.

பதினைந்து வயதுக்குட்பட்ட எக்குழந்தைக்கும் கை கால் திடீரெனத் தளர்ந்தால், அதை அரசின் கண்காணிப்புப் பிரிவுக்கு உடனே அறிவித்தல் வேண்டும். கில்லன்-பாரே போன்ற வேறு நோயே காரணம் என்று மருத்துவர் கருதினாலும் இதுவே முறை. இளம்பிள்ளைவாதம் அன்று என்பதைக் காலைப் பார்த்து மட்டும் உறுதி செய்ய இயலாது. போலியோ வைரஸ் குடலில் பெருகி மலத்தின் வழியே வெளியேறுகிறது. ஆனால் நாள்தோறும் ஒரே சீராக அன்று, விட்டுவிட்டு. ஆகவேதான் தளர்ச்சி தொடங்கிய 14 நாள்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரு மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. அவை குளிர்பெட்டியில் வைத்து, சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகின்றன.

இந்தியாவில் காட்டுவகைப் போலியோ கண்ட கடைசிக் குழந்தை மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்தது, ஆண்டு 2011. நோயற்ற பகுதி என்ற சான்று 2014 மார்ச் 27 அன்று கிடைத்தது. சொட்டு மருந்தின் பெருமையை எல்லோரும் பேசுகிறோம். ஆனால் துவண்ட கால்களைத் தேடித் தேடிச் சோதித்திராவிடில், 'இங்கு வைரஸ் இல்லை' என்று எதைக் கொண்டு கூறியிருப்போம்? ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஒருவரேனும், போலியோ அல்லாத தளர்ச்சியுடன் கண்டறியப்படாவிட்டால், அந்நாட்டின் கண்காணிப்பே குறையுடையது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

தவறிப்போவது பெரும்பாலும் இரண்டாவது மாதிரிதான். இக்குழந்தைகளுக்கு மலச்சிக்கல் இருப்பது வழக்கம். அதற்குள் வீடு திரும்ப அவசரம். 60-ஆம் நாள் மறுபரிசோதனையும் அவ்வாறே. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டால் யார் வருவார்? இதில் பெற்றோரைக் குறை கூறுவதை நாங்கள் ஏற்கவில்லை. மாதிரி இரண்டும் எடுத்த பின்னரே வீட்டுக்கு அனுப்புவதும், இயலாதபோது வீடு தேடி ஆள் வருவார் என முன்கூட்டியே சொல்வதும் மருத்துவமனையின் கடமை. ஆய்வக முடிவைக் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சமின்றிக் கேளுங்கள்.

புட்டி செவிலியரிடம் கிடைக்கும். பெருவிரல் அளவு போதும்.