முடிக்கப்படாத நாவலும் எண்ணில்லாத துப்பாக்கியும்

எழுதி முடிக்காத கைப்பிரதியை நண்பர் ஒருவர் நீட்டி, 'என் புது நாவல், படித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்றால் நாம் அவரைத் திருத்துவதில்லை. இந்த உதாரணம் 2025 மார்ச்சில் வெளியான அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் வருகிறது. நீதிபதி நீல் கோர்சச் எழுதிய அந்தத் தீர்ப்புக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் கோத்துக்கொள்வதற்காக உதிரிகளாய் விற்கப்படும் பெட்டியைத் துப்பாக்கி என்று கருதி அரசு கட்டுப்படுத்தலாமா என்பதே வழக்கு. எழுவர் ஆம் என்றனர், இருவர் உடன்படவில்லை. அதற்கு முந்தைய அக்டோபரில் நடந்த வாதத்தில், முட்டையும் நறுக்கிய வெங்காயமும் மேடையில் இருந்தால் அது ஆம்லெட் ஆகுமா என்று நீதிபதி அலிட்டோ கேட்டிருந்தார். மண்ணுக்குள் குடம் முன்னமே இருக்கிறதா என்று நம் தர்க்கக்காரர்கள் நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றது நினைவுக்கு வந்தது.

1968ஆம் ஆண்டுச் சட்டம் உதிரிகளுள் குழலையோ விசையையோ துப்பாக்கியாகக் கொள்வதில்லை. அவற்றைத் தாங்கும் உடற்கூடு, அதாவது ரிசீவர்தான், சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் பொறிக்கப்படும். அந்தக் கடமையும் உரிமம் பெற்ற உற்பத்தியாளருக்கே உரியது. விற்பதற்காக அல்லாமல் தனக்கென்று செய்துகொள்பவரை மத்தியச் சட்டம் எண் கேட்பதில்லை. அரைகுறையாய்க் கடைந்த ரிசீவரை வெறும் உலோகத் துண்டு என்று விற்கும் வியாபாரம் இந்த இடுக்கில் முளைத்தது. 'எண்பது சதவீதம்' என்பது வியாபாரிகள் சூட்டிய பெயர். சட்டத்தில் அப்படியோர் அளவு கிடையாது.

மீதி இருபதை முடிப்பதில் என்ன இன்பம்? இதைக் கேலியாகக் கேட்கவில்லை. கடையில் வாங்கிவிடக்கூடிய பொருளுக்காகச் சனி ஞாயிறுகளைச் செலவிடுகிறார்கள். கருவிகளின் விலையையும் கூட்டினால், மலிவு என்ற காரணம் பெரும்பாலும் மனைவிக்குச் சொல்லும் சமாதானமாகவே இருக்கும். கைக்குப் பொருந்தியபடி ஒன்றை அமைப்பதும், அதன் உள்ளியக்கத்தை அறிவதும், பழுதானால் பிறர் வாசலில் நிற்காமலிருப்பதும் உண்மையான ஆசைகள். மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவரான மாத்யூ கிராஃபோர்ட் 2009இல் ஒரு நூல் எழுதி, கைவேலைக்குள் இருக்கும் சிந்தனைக்காக வாதாடினார். அந்த வாதம் இவர்களுக்கும் பொருந்தும்.

இதற்கு ஒரு மரபும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் குடியேறிகள் செய்த நீள்குழல் துப்பாக்கிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மேப்பிள் மரக்கட்டையில் செதுக்குவேலை, பித்தளைப் பதிப்பு, எல்லாம் கைவேலை. அந்தத் தொழில்முறையை மீட்டெடுத்த வில்லியம்ஸ்பர்க் கைவினைஞர் வாலஸ் கஸ்லர், இரும்பைக் காய்ச்சிக் குழலாக்குவதிலிருந்து தொடங்கி ஒரு துப்பாக்கியை முழுதாய்ச் செய்வதை 1969ஆம் ஆண்டு ஆவணப்படம் ஒன்று காட்டுகிறது. பழைய கைவினைஞர்களில் பலர் குழலின் மேல் தம் பெயரை வெட்டிவைத்தார்கள். இன்றைய பொழுதுபோக்காளர்கள் இந்த முன்னோரை அடிக்கடி துணைக்கு அழைக்கிறார்கள். அந்தப் பெயர்களை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

கைவேலையை நேசிப்பது ஓர் ஆசை. அடையாளமற்ற ஆயுதம் வைத்திருப்பது வேறோர் ஆசை. முன்னதன் கௌரவத்தைப் பின்னதற்குப் போர்த்திவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. 2019 நவம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் சாகஸ் உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு மாணவர்களைக் கொன்று, மூவரைக் காயப்படுத்தி, தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் கையிலிருந்தது உதிரிகளிலிருந்து கோத்த, எண்ணில்லாத கைத்துப்பாக்கி. அதைக் கோத்ததில் எந்தக் கலை இருந்தது?

எண் இருந்தால் அரசு பட்டியலிடும், பின்பு பறிக்கும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு அமெரிக்க வரலாற்றில் வேர் இருக்கிறது. நாட்டளவில் துப்பாக்கிகளின் பதிவேடு உண்டாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படியானால் இது அரசியல். அரசியலாகவே பேசட்டும், கேட்கலாம். பட்டறையின் பெயரால் பேசவேண்டாம்.

கலிபோர்னியாவில் 2018 ஜூலை முதல் வீட்டில் துப்பாக்கி செய்ய விரும்புபவர் முதலில் மாநில நீதித்துறையிடம் விண்ணப்பித்து எண் பெறவேண்டும். பிறகு அதைத் தன் கையாலேயே உலோகத்தில் வெட்டிக்கொள்ளலாம். அதுவும் கைவேலைதானே.