எர்த்தைப் பார்த்தீர்களா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால், தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை நம் பட்டறைகளுக்கு ஒரே மாதிரி அழைப்புகள்தான். கல்லூரி வளாகத்திலும் விளையாட்டுத் திடலிலும் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். மழை முழுக்க ஷெட்டில் நின்ற புல்வெட்டி டிராக்டரோ, பின்னால் கட்டர் மாட்டிய பழைய மாஸியோ, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்து அடங்கிவிடும். உடனே புது பேட்டரி வரும். அதற்கும் எடுக்கவில்லை என்றால் சொலினாய்டு, பிறகு செல்ஃப் மோட்டார். கடைசியில் யாரோ எர்த் ஒயரைக் கழற்றித் தேய்த்து மாட்டுவார், வண்டி ஓடும். நல்ல பழைய பேட்டரி அதற்குள் எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும்.

நம் ஊரில் பாகம் கிடைப்பது எளிது என்பதும் இதற்கு ஒரு காரணம். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியில் இருக்கிறது, ஜி.பி. ரோட்டில் கிடைக்காததைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துவிடலாம். இறக்குமதியான புல்வெட்டி டிராக்டரில் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே ஊகத்தில் ஒரு பாகத்தை வரவழைத்தால், அது தவறு என்று தெரிவதற்குள் புல் இடுப்புக்கு வந்துவிடும்.

நம் பகுதியில் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணைப் பக்கமும் முடிச்சூரும் மறுபடி நனைந்தன. அப்படி நின்ற வண்டி வெளியே காய்ந்துவிடும். லக் வழியாகச் செம்பு இழைகளுக்குள் ஏறிய ஈரம் அவ்வளவு சீக்கிரம் காயாது. உறைக்குள்ளேயே பச்சை பிடித்துப் பரவிக்கொண்டிருக்கும். கடற்கரையோரம் என்றால் வெள்ளமே தேவையில்லை, உப்புக் காற்றே போதும்.

இந்தப் பழுதை டெஸ்ட் லாம்ப் காட்டிக்கொடுக்காது. லாம்புக்கு ஓர் ஆம்பியர்கூட வேண்டாம். அறாமல் மிஞ்சிய இரண்டு இழைகளிலேயே பளிச்சென்று எரியும். மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்ப்பதும் வீண். 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டரால் காட்ட முடியாது, அதன் லீடிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கிறது. ஆனால் செல்ஃப் 100 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 0.01 ஓம் 1 வோல்ட்டைத் தின்கிறது. டீசல் டிராக்டரின் செல்ஃப் 300 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் 3 போனால் மோட்டார் எங்கே சுற்றும்?

ஆகவே லோடில் அளக்க வேண்டும். பெட்ரோல் வண்டியென்றால் பிளக் ஒயரைக் கழற்றி எர்த் செய்யுங்கள். டீசலென்றால் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டிலும் (லக்கில் அல்ல, ஈயக் குமிழிலேயே) மறுமுனையைப் பெயின்ட் சுரண்டிய என்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் காட்டும் இந்த எர்த் டிராப் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரிக் கடைக்குப் போன் செய்ய வேண்டாம். இன்னொரு அடையாளமும் உண்டு: செல்ஃப் அடிக்கும்போது திராட்டில் கேபிள் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். எர்த் ஒயரில் வழி கிடைக்காத கரண்ட் அதன் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.

எர்த் சரியென்றால் பாசிட்டிவ் பக்கத்தை இதே முறையில் பாருங்கள். சார்ஜிங்குக்கு ஒரு வரி போதும்: ஓடும் வண்டியில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். மிகப் பழைய ஃபெர்குசன் வகை வண்டி கைக்கு வந்தால் மட்டும், பாசிட்டிவ் எர்த்தா என்று பார்த்துவிட்டு பேட்டரியில் கை வையுங்கள்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. பெட்ரோல் புல்வெட்டி டிராக்டர்களில் கில் ஒயர் எர்த் ஆனால் ஸ்பார்க் நின்றுவிடும். சீட் சுவிட்ச் வேலை செய்வது இப்படித்தான். அதன் கனெக்டரில் பச்சை பிடித்தால் மேடு பள்ளத்தில் வண்டி திடீர் திடீரென்று அணையும். "டைரக்ட் பண்ணிடுங்கண்ணே" என்று டிரைவரே கேட்பார். செய்யாதீர்கள். அவர் சீட்டிலிருந்து சறுக்கினால் கீழே பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். கனெக்டரைச் சுத்தம் செய்து, தேவையானால் சுவிட்சை மாற்றி, வண்டி ஓடும்போது சீட்டிலிருந்து எழுந்தால் என்ஜின் அணைகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

இனி கூலி. பேட்டரி மாற்றினால் கண்ணுக்குத் தெரிகிறது, நமக்கும் கமிஷன் நிற்கிறது. பழுதைக் கண்டுபிடித்தால் வாடிக்கையாளர்கள், "ஒயரைத் தேய்ச்சதுக்கு ஐந்நூறா?" என்கிறார்கள். குறை அவர்களிடம் மட்டும் இல்லை; கண்டுபிடிக்கும் வேலைக்கு நாம் இதுவரை விலையே சொன்னதில்லை. பில்லின் முதல் வரியாக 'பழுது கண்டறிதல்' என்று எழுதித் தொகை போடுங்கள். அதன் கீழேயே எர்த் டிராப் முன்பு எத்தனை வோல்ட், பின்பு எத்தனை என்று குறித்துவிடுங்கள். கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வந்தால் மீட்டரை வைத்தே காட்டிவிடலாம். அடுத்த தையில் அதே வண்டி வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண்ணும் கையில் இருக்கும்.