இறால் ஓடும் மாட்டு மடியும்

'இயற்கை'ன்னு லேபிள் ஒட்டிட்டா எதை வேணும்னாலும் வித்துடலாம்னு ஒரு கோஷ்டி. அந்த வார்த்தையைக் கேட்டாலே நக்கலாச் சிரிக்க இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருக்கும் சேர்த்து என்கிட்ட ஒரு உதாரணம் இருக்கு: கைட்டோசான்.

பொட்டி தட்டுறவனுக்கு மாட்டு வைத்தியத்துல என்ன வேலைன்னு கேக்காதீங்க. தினமும் ரெண்டு காபி குடிக்கிறேன், அந்த உரிமைதான் :-)

கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தா காம்பு வழியா ஆன்டிபயாட்டிக் ஏத்துவாங்க. அது பால்லயும் வரும். அதனால மருந்துல போட்டிருக்கிற நாள் கணக்கு முடியிற வரைக்கும் பாலைக் கீழேதான் கொட்டணும். ரெண்டு மாடு வச்சுப் பிழைக்கிறவருக்கு அந்தப் பால்தான் மளிகைக் கடை பாக்கி. அவர் அதைச் சொசைட்டியில ஊத்திட்டா மருந்து நம்ம டம்ளருக்கு வந்துடும். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கொட்டச் சொல்றவங்க அதுக்குக் காசா தர்றாங்க?

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுறது இன்னொரு தலைவலி. வளர்ச்சிக்காகத் தீவனத்துல ஆன்டிபயாட்டிக் கலக்குறதை ஐரோப்பிய யூனியன் 2006ல நிறுத்துச்சு. மனுஷனுக்குக் கடைசி ஆயுதமா வச்சிருக்கிற கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019ல தடை போட்டுச்சு. தடை சரி. மாற்று?

இங்கதான் இறால் ஓடு வருது. அதுல இருக்கிற சுண்ணாம்பை ஆசிட்லயும், புரதத்தைக் காரத்துலயும் நீக்கினா மிஞ்சுறது கைட்டின். அதை அடர்த்தியான காஸ்டிக் சோடாவுல சூடாக்கினா அசிட்டைல் தொகுதிகள் கழண்டு கைட்டோசான் ஆகிடும். கழண்ட இடத்துல அமீன் இருக்கும். அமிலத்தன்மை இருந்தா அது பாசிட்டிவ் சார்ஜ் ஏத்திக்கும். பாக்டீரியாவோட மேற்பரப்பு நெகட்டிவ். போய் ஒட்டிக்கிட்டு கிருமியோட சவ்வைக் குலைச்சுடும்.

கேக்க ஜோரா இருக்கில்ல? சிக்கல் இனிமேதான். பிஹெச் சுமார் 6.5ஐத் தாண்டினா இந்த சார்ஜ் பெருமளவு இறங்கிடும். நல்ல பாலோட பிஹெச்சே கிட்டத்தட்ட 6.6, மடிநோய்ப் பால்ல இன்னும் ஏறும். அதாவது எங்க சண்டை போடணுமோ, சரியா அங்கதான் சாதா கைட்டோசான் கரையாம படிஞ்சு உக்காந்துடும்.

அதனால வேதியியல்காரங்க அதை மாத்துறாங்க. நைட்ரஜன்ல மெத்தில் தொகுதிகளைச் சேர்த்து ட்ரைமெத்தில் கைட்டோசானா ஆக்கிட்டா, பிஹெச் என்னவா இருந்தாலும் சார்ஜ் நிக்கும். சளிச்சவ்வுலயும் ஒட்டிக்கும். கோழிகளோட ராணிக்கெட் நோய்த் தடுப்பூசியை ஊசியில்லாம மூக்கு வழியா கொடுக்கக் கைட்டோசான் நுண்துகள்களை ஆராய்ச்சியில பயன்படுத்திப் பாக்குறது இந்த ஒட்டுற குணத்துக்காகத்தான்.

ஆக, இதோட பெருமை இறால்ல இருந்து வந்ததுல இல்லை. அளந்து, மாத்தி, திரும்ப அளந்ததுலதான். சார்ஜ் ரொம்பக் கூடினா மாட்டோட சொந்த செல்லையும் பதம் பாக்கும். மூலக்கூறு எடை என்ன, அசிட்டைல் எவ்வளவு கழண்டிருக்குங்கிறதைப் பொறுத்து ஒவ்வொண்ணும் வேற சரக்கு. வெறுமனே 'கைட்டோசான்'னு எழுதின பாக்கெட், வெர்ஷன் நம்பர் இல்லாத சாஃப்ட்வேர் மாதிரி. வேலை செஞ்சா அதிர்ஷ்டம், செய்யலைன்னா யாரையும் கேக்க முடியாது. இந்த ரெண்டு எண்ணும் அச்சடிக்காத பாக்கெட்டைக் கால்நடைக்குன்னு விக்கவே விடக் கூடாதுங்கிறது என் கட்சி.

மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. உறைய வச்ச இறாலை உலகத்துக்கே ஏத்துமதி பண்ற நாடு இது. ஓட்டுல இருந்து கைட்டோசான் எடுக்கிற முறையைக் கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்பவோ உருவாக்கிடுச்சு. இனி வேண்டியது, அரசுக் காசுல, நம்ம ஊர்த் தொழுவத்துலயே நேர்மையான சோதனை. எத்தனை மாடு குணமாச்சு, ஆன்டிபயாட்டிக் எவ்வளவு குறைஞ்சுது, எத்தனை நாள் பால் மிச்சமாச்சு? இந்த மூணுக்கும் கம்பெனி நோட்டீஸ்ல பதில் தேடக் கூடாது.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் இறால் ஓட்டை அரைச்சுத் தீவனத்துல கலக்காதீங்க. அது கைட்டோசான் இல்லை, வெறும் ஓடுதான். மடி வீங்கினா உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க.