விளையாடினால் போதுமா?

சுட்டிகளே! செல்போனில் விளையாடினால் வீட்டில் திட்டு விழும். அந்த விளையாட்டை நீங்களே உருவாக்கினால்?

அதற்கென்றே 'கேம் ஜாம்' நடத்துகிறார்கள். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் அதை வைத்து ஒரு கணினி விளையாட்டு உருவாக்க வேண்டும். படம் வரைபவர், இசையமைப்பவர், புரோகிராம் எழுதுபவர் எல்லாம் ஒரே குழு. 'குளோபல் கேம் ஜாம்' 2009 முதல் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடக்கிறது.

பின்லாந்து நாட்டு ஆர்வி டெய்க்காரி, 2017-இல் 'நார்டிக் கேம் ஜாம்' போட்டியில் 'பாபா இஸ் யூ' என்ற குட்டி விளையாட்டை உருவாக்கிப் பரிசு வென்றார். அதையே மெருகேற்றி 2019-இல் வெளியிட்டார். உலகமே பாராட்டியது!

பெரிதாக ஆரம்பித்துப் பாதியில் விடுபவர்கள் ஏராளம். ஜாம் கற்றுத்தருவது, சிறியதானாலும் முடித்துக் காட்டுவதை. வேலை கேட்டுப் போகும்போது, "நீ என்ன செய்திருக்கிறாய்?" என்றால் காட்ட ஒன்று கையில் இருக்குமே!

மாங்காட்டுப் பள்ளிகளும் விடுமுறையில் ஒருநாள் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவிட்டு இப்படி நடத்தலாம். 'ஸ்கிராட்ச்' மென்பொருள் இலவசம்தான். ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்களேன்!