எந்திரத்தோடு எந்த மொழியில் பேசுவது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

"ரோபோ செய்யச் சி மொழி கற்பதா, பைத்தான் கற்பதா?" நம் ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் கூடினால் இந்த வழக்குத்தான். முதலாண்டுத் தம்பி தங்கையரும் கேட்கிறார்கள். சி மொழியிலேயே தொடங்குங்கள் என்பது என் கருத்து.

பைத்தானின் பெருமையை நான் மறுக்கவில்லை. டேமியன் ஜார்ஜ் என்பவர் 2013-இல் தொடங்கிய மைக்ரோபைத்தான், அந்த எளிய மொழியைச் சின்னஞ்சிறு சில்லுகளுக்கும் கொண்டு வந்தது. 2021-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பைக்கோ பலகையில் 264 கிலோபைட் நினைவகம் உண்டு. ஒரு வரி எழுதித் தட்டினால் உடனே மோட்டார் சுழலும். தொடங்குவோருக்கு இதைவிட இனிப்பு வேறென்ன?

ஆனால் நம் அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பவை பழைய ஆர்டுயினோ ஊனோ பலகைகள். அவற்றிலுள்ள ஏடிமெகா 328பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட் இடம். ஓடும்போது எண்களை வைத்துக்கொள்ள வெறும் 2 கிலோபைட். அதற்குள் மைக்ரோபைத்தான் நுழையாது. சி மொழியும் அதன் வழிவந்த சி++ மொழியும் அங்கே தாராளமாகக் குடியிருக்கும். கையில் இருப்பதை விட்டு இல்லாததற்கு ஏங்குவானேன்?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சென்ற பருவத்தில் நானும் என் நண்பரும் கோட்டைத் தொடர்ந்து ஓடும் வண்டி ஒன்று செய்தோம். அதன் விளக்கு வினாடிக்கு ஒரு முறை மாறி மாறி எரிந்து அணைய வேண்டும். 32 வினாடிகள் ஒழுங்காகக் கண் சிமிட்டியது. பிறகு சிமிட்டலை மறந்து மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. கம்பியை மாற்றினோம், விளக்கை மாற்றினோம், பலகையைத் திட்டினோம். இரண்டு மாலைகள் கழிந்தபின்தான் விளங்கிற்று. மில்லி வினாடிக் கணக்கை 'இன்ட்' வகையில் சேமித்திருந்தோம். ஊனோவில் அதற்கு 16 பிட். 32,767-க்கு மேல் கொள்ளாது. அதைத் தாண்டியதும் எண் குறை எண்ணாகப் புரண்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வினாடி கழிந்துவிட்டதாகவே சில்லு கொண்டது. விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணைந்தது. 'அன்சைன்டு லாங்' என்று மாற்றினோம், சரியாயிற்று.

பைத்தானில் எண் தானே வளர்ந்துகொள்ளும். இப்பிழை வந்தே இராது. ஆனால் வகுப்பில் மனப்பாடம் செய்த இரும எண்கள் எனக்கு உண்மையில் விளங்கியது அந்த மாலையில்தான்.

"முதல் பிழையிலேயே பலர் ஓடிவிடுவார்களே!" என்பர். உண்மைதான். ஓர் அரைப்புள்ளியை விட்டதற்குத் திரை நிறைய ஆங்கிலத்தில் வசவு வாங்கி நானும் விழித்திருக்கிறேன். வீட்டில் கேட்க ஆளில்லை. அதற்கு மருந்து மொழியை மாற்றுவதன்று, பக்கத்தில் ஒரு துணை. மூத்த மாணவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்று பலகைக்கு இருவராக அமர்வோம். பைக்கோ வாங்கும் நாளில் பைத்தானையும் கற்போம்; அடிப்படை அறிந்தவர்க்கு அது கடினமாகாது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாலையில் ஒரு மணி நேரம் அந்த அலமாரியைத் திறந்து வையுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.