மீன் தீவனத்தில் மூலிகை: எத்தனை கிராம், எத்தனை நாள்?



பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கும் நம்ம பிள்ளைகள் சிலர் இப்போது தீவனத்தோடு மூலிகைப் பொடி கலக்கிறார்கள். "மூலிகைதானே சார், கூடப் போட்டாலும் ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். இந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூலிகை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் எல்லாம் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்ட மருந்துகள். குட்டையில் இருக்கும் கிருமிக்கு மருந்து பழகிப்போனால், நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்கு நோய் வரும்போது அந்த மருந்து கேட்காது.

மூலிகைக்குப் பலன் உண்டு என்பதை மதுரையிலேயே பார்த்திருக்கிறார்கள். பேராசிரியர் தினகரன் மைக்கேலும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் துளசி, தூதுவளை, சீந்தில், கரிசலாங்கண்ணி இவற்றையெல்லாம் ஜிலேபிக் கெண்டைக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 2007-ல் வெளிவந்த கரிசலாங்கண்ணி ஆய்வை மட்டும் எடுத்துக்கொள்வோம். இலையின் நீர்ச்சாற்றைத் தீவனத்தில் 1 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 கிராம் சேர்த்தார்கள். பிறகு மீனுக்குப் புண் வரவைக்கும் ஏரோமோனாஸ் கிருமியை ஏற்றினார்கள். சாறு தின்னாத மீன்களில் 100 சாகும் இடத்தில், ஒரு வாரம் தின்றவற்றில் 64 பிழைத்த கணக்கு. இரண்டு வாரம் தின்றவற்றில் 75. மூன்று வாரம் தின்றவற்றில்? 32தான்!

அதே செடி, அதே அளவு. நாள் கூடியதும் பலன் பாதிக்கும் கீழே போய்விட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஓயாமல் தூண்டினால் அது சோர்ந்துபோகும் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். பட்டாசு ஆலையில் மருந்து கலக்குபவரிடம் போய், "அண்ணாச்சி, கொஞ்சம் கூடப் போட்டால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு அளவைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அது ஆய்வுக்கூடத்துத் தொட்டி, ஜிலேபிக் கெண்டை, வடித்தெடுத்த சாறு. நம்முடையது வெயிலில் வற்றும் குட்டை, கட்லா, இடித்த பொடி. அந்தக் கணக்கு இங்கே அப்படியே வராது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அது ஆக்சிஜன் குறைவு; அதற்கு எந்த மூலிகையும் உதவாது. நெருக்கி விட்ட மீனைக் குறையுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள், புதுத் தண்ணீர் விடுங்கள்.

பாக்கெட்டில் செடியின் பெயர், கிலோ தீவனத்துக்கு எத்தனை கிராம், எத்தனை நாள் என்ற மூன்றும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். "100% ஹெர்பல்" என்பது அளவு இல்லை.

ஏற்கெனவே கலந்து கொடுப்பவர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தச் செடி, எத்தனை கிராம், எத்தனை நாள், எத்தனை மீன் செத்தது என்று தேதியோடு எழுதி எனக்கு அனுப்புங்கள். மூன்று, நான்கு குட்டைகளின் கணக்கு சேர்ந்தால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் கேட்கலாம். நானும் கூட வருகிறேன்.